ஒரே பெயரில் இரண்டு பட்டாளம்

வ்ராஞ்சே, ஆகஸ்ட் 20

தேசாங்கா,

நலமா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன், கோபம் முந்திக்கொண்டது. நேற்று கசாப்புக் கடையில் டிராகுடின் என்னைக் கட்டிப்பிடித்து, "மகன் கல்யாணத்துக்கு உங்க மூன்றாம் பட்டாளம் வருதே, ரொம்ப சந்தோஷம்யா!" என்கிறார். நான் எப்போது ஒத்துக்கொண்டேன்? விசாரித்தால், 'மூன்றாம் பட்டாளம்' என்று போட்ட உன் சுவரொட்டியைப் பார்த்து, நாங்கள்தான் என்று நினைத்து பெல்கிரேடில் உனக்குப் போன் போட்டிருக்கிறார்.

அப்பாவும் அவரோடு ராணுவத்தில் ட்ரம்பெட் ஊதிய இருவரும் நம் பேண்ட் செட்டுக்கு வைத்த பெயர் அது. அப்பா கண்மூடிய கையோடு அதை உன் மெட்டல் ராக் கும்பலுக்குத் தூக்கிக்கொண்டு போனாய். ராணுவப் பெயருக்கா பஞ்சம்? ராப் பாடுகிறவன் தன் குழுவை 'பீரங்கி' என்கிறான், சர்ச்சில் பாடும் பெண்கள்கூட 'எல்லைக்காவல்' என்று வைத்துக்கொள்கிறார்கள். உனக்கு மட்டும் வேறு பெயர் கிடைக்கவில்லையா? கல்யாணத்திலிருந்து விலகு. பெயரையும் விட்டுவிடு.

ராதோயே


பெல்கிரேடு, ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணா,

இத்தனை வருஷம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்ததே போதும். திட்டையும் சேர்த்து இரண்டு தடவை படித்தேன்.

போனில் டிராகுடின், "பொண்ணு வீட்டு வாசல்ல நின்னு வாசிக்கணும்மா, இடி இறங்கின மாதிரி இருக்கணும்" என்றார். இடிதானே எங்கள் தொழில்? மகன் எங்கள் ரசிகன்போல என்று நினைத்து வாக்குக் கொடுத்துவிட்டேன், இனி வராமல் இருக்க முடியாது. மாப்பிள்ளை பக்கத்துப் பாட்டைக் கேட்டுத்தானே நம் ஊரில் பெண் வீட்டார் கதவைத் திறப்பார்கள்? எங்கள் பாட்டுக்கு அவர்கள் திறக்காவிட்டால் பெயர் உனக்கே. திறந்தால், நானும் அப்பாவுக்குப் பிள்ளைதான் என்று ஒத்துக்கொள்.

அதுவரை கோபமாகவே இரு. வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை
தேசாங்கா


வ்ராஞ்சே, ஆகஸ்ட் 31

என் தங்கைக்கு,

கல்யாணத்தன்று நீ என்னைப் பார்க்கவில்லை. பெண் வீட்டுக்கு எதிரே பிளம் மரத்தடியில் ட்ரம்பெட்டோடு நின்றேன். நீ தோற்றதும் நான் ஊதிக் கதவைத் திறக்க வைத்து, ஊர் முன்னால் உன் மானத்தை வாங்குவதாகத் திட்டம்.

உங்கள் கறுப்புச் சட்டைகளைப் பார்த்துப் பெண்ணின் அப்பா, "கல்யாணத்துக்கு வந்தீங்களா, கருமாதிக்கா?" என்றபோது முதலில் சிரித்தவன் நான்தான். வழக்கப்படி கம்பத்து உச்சியில் கட்டிய ஆப்பிளை மாப்பிள்ளை துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினான். இனி பாட்டு வந்தால்தான் கதவு திறக்கும். உங்கள் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு கரண்ட் கொடுத்தீர்கள், தெருவுக்கே கரண்ட் போய்விட்டது. நான் ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தேன்.

அப்போது நீ கிடாரைக் கீழே வைத்துவிட்டு, பெண்ணை அழைக்க அப்பா ஊதும் மெட்டை வெறும் வாயால் எடுத்தாய். வார்த்தையே இல்லை. அவர் ஊதல் அப்படியே உன் தொண்டையிலிருந்து வந்தது. அடியே! நீ உச்சத்தைப் பிடித்தபோது என் கையிலிருந்த பித்தளை தானாக அதிர்ந்தது. நான் ஊதவே இல்லை! பெண்ணின் அப்பா தொப்பியைக் கழற்றினார். கதவு எப்போது திறந்ததென்று எனக்குத் தெரியாது, கண்ணீர் மறைத்துவிட்டது.

வெட்கத்தில் உன்னிடம் வராமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பெயர் உன்னுடையதும்தான். வரும் மே மாதம் புனித ஜார்ஜ் திருநாள் விடியலில் வா. முன்னால் நீ பாடு, பின்னால் நாங்கள் ஊதுகிறோம். பெட்டிகளை மட்டும் கொண்டுவராதே, ஊருக்கு கரண்ட் வேண்டும்.

இன்னொன்று. அந்த உச்சத்தில் அப்பா ஒவ்வொரு தடவையும் நடுவில் மூச்சு வாங்குவார். நீ வாங்கவில்லை.

உன் அண்ணன்
ராதோயே