இறந்தோர் பட்டியலில் வாசித்த பெயர்

என் அன்புக்கு உரியவரே, ஸ்டெல்லா அப்பா,

நம் மகள் உயிரோடு இருக்கிறாள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வேறு மாதிரி உங்கள் காதில் விழுந்திருந்தால் நம்பாதீர்கள்.

அவள் நர்ஸாகப் போயிருக்கும் நாட்டின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதாதே என்று அவளே சொல்லியிருக்கிறாள். அங்கே குண்டு விழாத நாள் இல்லை. மருந்தும் மாவும் ஏற்றிய லாரிகள் எல்லையில் நிற்கின்றன. வேறொரு நாட்டில் அமைச்சர்கள் கூடிப் பேசுகிறார்கள். ‘போர்நிறுத்தம்’ என்று எழுதுவதா, ‘இடைநிறுத்தம்’ என்று எழுதுவதா என்பதில் ஒப்பந்தக் கையெழுத்து நிற்கிறதாம். செய்தி வாசிக்கும் பெண் அதை ‘மனிதாபிமான இடைவேளை’ என்கிறாள். இடைவேளை முடிந்ததும் மணி அடித்து மறுபடி கொல்லத் தொடங்குவார்களா? ஒரு சொல்லுக்கு இத்தனை நாளா என்று தொலைக்காட்சியைப் பார்த்துத் திட்டினேன்.

போன வாரம் அவளிடமிருந்து நான்கு நாளாகப் போன் வரவில்லை. பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் குருவி விரட்ட வெடி போட்டால்கூடக் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். என்னைப் பயந்தவள் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது பார்த்தால் சொல்வீர்கள்.

அந்தப் பயத்தோடுதான் உங்கள் நினைவு நாள் பூசைக்கு வேண்டுதல் சீட்டு எழுதிக் கொடுத்தேன். ஞாயிறு காலை அனுமந்தன்பட்டிக் கோவிலில் உபதேசியார் சீட்டுகளை வாசித்தார். “இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக...” உங்கள் பெயர் வந்தது. அதே மூச்சில் ஸ்டெல்லாவின் பெயரும் வந்தது.

பூசை நடுவே எழுந்து நின்றுவிட்டேன். “உபதேசியாரே! எம்மக சாகல!”

பின்னால் இருந்த பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அதற்குள் மாரில் அடித்துக்கொண்டாள். “ஆத்தா, எப்பத் தாக்கல் வந்துச்சு? எங்கிட்டக்கூடச் சொல்லலயே!”

“வாய மூடுடி. ஒரு தாக்கலும் வரல.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒரு செய்தியும் வரவில்லை என்பதுதானே என் பயம்? உபதேசியாருக்கு ஏதோ தெரிந்திருக்கிறதோ? பூசை முடியும்வரை முழங்காலில் இருந்தேன், ஒரு செபமும் வாயில் வரவில்லை. முடிந்ததும் போய் அவரைப் பிடித்தேன்.

“யாரு சொன்னாக உமக்கு?”

“கோவிச்சுக்கிறாதீக டீச்சரம்மா. யாரும் சொல்லல. நீங்க எழுதுன சீட்டுத்தான்.”

என் கையெழுத்து. ‘இறந்தோர்’ என்ற தலைப்பின் கீழ் உங்கள் பெயர், அதன் கீழேயே அவள் பெயர். அவள் பெயருக்கு முன் எழுத வேண்டிய ‘பாதுகாப்புக்காக’ என்ற சொல்லை விட்டிருக்கிறேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள், ஒற்றுப்பிழைக்கெல்லாம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்தவள், பெற்ற மகளுக்கு ஒரு சொல்லை விட்டுவிட்டேன். அந்த அமைச்சர்கள் ஏன் ஒரு சொல்லுக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. புரிந்ததும் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

செவ்வாய் மதியம் போன் வந்தது. “அம்மா, சீக்கிரம் பேசு, சார்ஜ் இல்ல.”

நடந்ததைச் சொன்னேன். சிரிக்கிறாள்! “உசுரோட இருக்கையிலயே பூசையா? அப்பாவுக்குத் துணைக்கு அனுப்பப் பாத்தியாக்கும்.”

“சிரிக்காத கழுத. எப்ப வார?”

“வெளியேறுறவுக பட்டியல்ல எம்பேரு இருக்கும்மா. ஆனா லாரி உள்ள வரணும். அதோட வர்ற நர்ஸுக பொறுப்பெடுத்தாத்தான் நான் கெளம்புவேன். இங்கன ஆறு பச்சப்புள்ளைக கெடக்கு.”

விட்டுவிட்டு வா என்று சொல்ல நாக்கு எழவில்லை. யாரிடமும் கெஞ்சாத நான், “வந்துரு தாயி” என்று கெஞ்சினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கேட்டாளா? அதற்கு முன்பே இணைப்பு போய்விட்டதா?

இதை எழுதும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகவில்லை. லாரிகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நீங்கள் இருக்கும் இடத்தில் யாரிடமாவது சொல்ல முடியுமா?

நீங்கள் போனதிலிருந்து தினமும் ஆண்டவரிடம் ஒன்று கேட்டு வந்தேன். என்னையும் சீக்கிரம் உங்களிடம் சேர்த்துவிட வேண்டும் என்று. செவ்வாய்க்கிழமையோடு அதை நிறுத்திவிட்டேன். அவள் வந்து கதவைத் தட்டினால் திறக்க ஆள் வேண்டும். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறேன். பசிக்காவிட்டாலும் சாப்பிடுகிறேன். அவள் வந்து சேரும்வரை உங்களிடம் வர மாட்டேன், இது சத்தியம். நீங்களும் அவளை அங்கே கூப்பிடாதீர்கள்.

உங்கள் மனைவி, ஸ்டெல்லாவின் அம்மா
ஞானம்மாள்