முப்பது நாள் சீட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? நான் நன்றாகவே இருக்கிறேன். இங்கே கொரியாவில் பள்ளிக்கு விடுமுறை, எனக்குத்தான் இல்லை. குளிர்கால ஆங்கில முகாமை இன்னும் இரண்டு வாரம் நடத்தச் சொல்லிவிட்டார்கள். அதனால் இந்த மாதமும் வர முடியாது.

நேற்று வகுப்பில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு விமானம் செய்தோம். ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டே இருந்ததில், நாங்கள் மெல்ல மேலே போவதுபோல இருந்தது. மூன்றாம் வகுப்புச் சிறுமி சோயுல்தான் விமான நிலைய அதிகாரி. நான் பயணி.

"எங்க போறீங்க, டீச்சர்?"

"தென்னாப்பிரிக்காவுக்கு. அம்மாவப் பாக்க."

"எத்தன நாளு?"

"எட்டு நாள். அவ்வளவுதான் லீவு."

"அம்மாகூட யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

அவள் என்னை முறைத்தாள். "எட்டு நாள் பத்தாது. சீட்டுல முப்பதுன்னு போட்டுட்டேன். சீல் குத்தியாச்சு, இனி மாத்த முடியாது."

எல்லோரும் சிரித்தோம்.

கொஞ்சம் ரூய்போஸ் தேயிலை அனுப்புங்கள். உங்கள் பழைய சால்வையையும் அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

சோயுல் தந்த சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பத்திரமாக வையுங்கள். நான் வந்தால், எட்டாம் நாள் காலையில் அதை எடுத்து என்னிடம் நீட்டுங்கள்.

மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் வருகிறார்கள்.

உங்கள்
பலேசா