பிள்ளையார் பீடத்தில் இருக்கும் பாதிக் கல்லை எடுத்துச் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ம. சாமுண்டீஸ்வரி,
பி பிளாக், இரண்டாம் தளம்,
முல்லைக்கொடி அடுக்ககம்,
திருமுல்லைவாயில், சென்னை – 600 062.

பெறுநர்:
மாவட்டப் பதிவாளர் அவர்கள்,
சங்கங்கள் பதிவுப் பிரிவு.

பொருள்: முல்லைக்கொடி அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கம் – நான் கல்லை மாற்றிவிட்டதாகத் தீர்மானம் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியது – அத்தீர்மானத்தை நீக்கவும், சங்கப் பிள்ளையாரின் பீடத்தில் உள்ள பாதிக் கல்லை எடுத்துச் சோதிக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சங்கத்தின் 08.06.2025 நாளிட்ட பொதுக்குழுத் தீர்மானம் (நகல் இணைக்கப்பட்டுள்ளது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் கருவிக்கூடத்தில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவள். கல்லுக்குப் பட்டை தீட்டுவது முதலில் எனக்குப் பொழுதுபோக்காகத்தான் இருந்தது. சும்மா உட்கார்ந்து அடுத்தவர் வீட்டுக் கதை பேசும் பழக்கம் எனக்கு வரவில்லை. எங்கள் அடுக்ககத்தில் அது ஒரு குறையாகவே பார்க்கப்படுகிறது. பிறகு தெரிந்தவர்கள் மூக்குத்திக் கல், மோதிரக் கல் என்று கொண்டுவந்து கொடுக்க, அது சிறு தொழிலானது. இயந்திரம் மண்ணூர்பேட்டைப் பட்டறை ஒன்றில் நானே வரைபடம் கொடுத்துச் செய்தது. துணி துவைக்கும் இடத்தில் ஒரு மேசைமேல் இருக்கிறது. அதன் சத்தம் மிக்சியின் சத்தத்தைவிடக் குறைவு. தீர்மானத்தில் அதை "தொழிற்சாலை" என்று எழுதியிருக்கிறார்கள். தொழிற்சாலையை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் பார்த்ததில்லை என்று தெரிகிறது.

2. தாங்கள் இந்த மனுவைப் புரிந்துகொள்ள இத்தொழிலைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும். கொடுத்த கல்லை விடச் சிறிய கல்லைத்தான் பட்டை தீட்டுகிறவர் திருப்பித் தர முடியும். பாதிக்கு மேல் சாணையில் தேய்ந்து தண்ணீரோடு போய்விடும். அது போன வழியைக் கொடுத்தவர் பார்க்க முடியாது. நம்பித்தான் ஆக வேண்டும். ஆகவே இந்தத் தொழிலில் எனக்கு இருக்கும் முதல் என் பெயர் ஒன்றுதான். அதைத்தான் சங்கம் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறது.

3. சங்கத்தின் செயலாளர் திரு. பரந்தாமன் அவர்கள். இந்த அடுக்ககம் கட்டப்பட்ட நிலம் ஒருகாலத்தில் அவர் குடும்பத்து நெல் வயல். விற்ற பிறகும் அது தம்முடையது என்ற எண்ணம் அவருக்குப் போகவில்லை. வாகன நிறுத்தத்தின் மூலையில் பிள்ளையாருக்குச் சிறு கோயில் கட்டலாம் என்று சென்ற ஆண்டு முடிவானது. பிள்ளையாரை அமர்த்தும் முன் பீடத்துக் குழியில் நவரத்தினம் வைப்பது வழக்கம். அதற்கென்று எல்லா வீட்டிலும் வசூல் செய்தார்கள். நானும் கொடுத்தேன். எட்டுக் கற்கள் கடையில் வாங்கப்பட்டன. ஒன்பதாவதான கனக புஷ்பராகத்தை மட்டும் செயலாளர் அவர்கள் இலங்கைக்குச் சுற்றுலா போன இடத்தில், ஓட்டல் வாசலில் நின்ற ஒருவரிடம், பட்டை தீட்டாத முழுக் கல்லாக, சங்கத்தின் பணத்தில் வாங்கி வந்தார். ரத்தினம் வாங்க அவர் தேர்ந்தெடுத்த இடம் குறித்து எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

4. அக்கல்லை அவர் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கையில் வாங்கியதுமே கனம் போதவில்லை என்று பட்டது. தண்ணீரில் நிறுத்துப் பார்த்தேன். இது கனக புஷ்பராகம் இல்லை, மஞ்சள் நிறப் படிகம், அழகான கல்தான் ஆனால் விலை வேறு என்று அவரிடம் தெளிவாகச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை அவர் பேச்சிலேயே எழுதுகிறேன். நான் திருத்தி எழுதினால் அதையும் மாற்றிவிட்டேன் என்பார். "இன்னா மேடம், சிலோன்லேந்து வாங்கிகினு வந்து கீறேன், ஊட்டுக்குள்ள குந்திகினு படிகம்ன்றீங்க? நீங்க ரெண்டா அறுத்து மட்டும் குடுங்க, போதும்." அறுப்பானேன் என்று கேட்டேன். ஒரு பாதி பிள்ளையாருக்கு, மறு பாதிக்குப் பட்டை தீட்டித் தமக்கு மோதிரம் என்றார். ஊர்ப் பணத்தில் வாங்கிய கல்லாயிற்றே என்றேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "பிள்ளையாருக்குப் பாதி போதும் மேடம். அவரு இன்னா மோதரமா போடப்போறாரு?"

5. அவர் கண் முன்னால்தான் அறுத்தேன். அப்போது இன்னொருவரும் உடனிருந்தார். எதிர்வீட்டு திருமதி வனஜா, வழக்கம்போல் காபி டம்ளருடன் வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். அறுத்த ஈரம் காயுமுன்னே பிள்ளையாருக்குரிய பாதியைச் செயலாளர் அவர்கள் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பாதியை நான் தொட்டதில்லை. கல்லின் நடுவில் பால் நிறத்தில் ஒரு மெல்லிய இழை ஓடியது. அறுத்த பின் அது இரண்டு பாதியிலும் தெரிந்தது. இழையை எடுத்துவிட்டால் கல் பளிச்சென்று இருக்கும் என்று அவரிடம் சொன்னேன். எடை குறையக் கூடாது, இழை இருந்தால் இருக்கட்டும் என்றார். இருக்கட்டும் என்று விட்டேன். இன்றும் அது அவர் மோதிரத்தில் இருக்கிறது. நான் கூலி வாங்கவில்லை. அக்கம்பக்கம் என்று விட்டுக்கொடுத்தேன்.

6. குடமுழுக்கு நடந்தது. குருக்கள் நவரத்தினத்தைக் குழியில் இட்டு, பிள்ளையாரை அமர்த்தி, பீடத்தோடு இறுகும்படி அஷ்டபந்தன மருந்து சாத்தினார். குழியில் விழுந்தது பாதிக் கல் என்பது பிள்ளையாருக்கும், செயலாளருக்கும், எனக்கும், வனஜாவுக்கும் மட்டும்தான் அன்று தெரியும். பிள்ளையார் பொறுத்துக்கொண்டார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தேன்.

7. மோதிரத்தை அணிந்த நாள் முதல் செயலாளர் அவர்கள் சுட்டுவிரலை மடக்குவதில்லை. தண்ணீர் லாரிக்காரரிடம் பேசும்போதும் அந்த விரலை நீட்டியே பேசினார். குரு பலம் வந்துவிட்டதாக வாசல் காவலர் வரை எல்லோரிடமும் சொன்னார். பிறகு ஒரு கல்யாண வீட்டில் அவருடைய சகலை மோதிரத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். ரோஷம் வந்து பாரிமுனைப் பக்கம் ஒரு சோதனைக் கூடத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கினார். படிகம் என்று வந்தது. நான் முதல் நாள் இலவசமாகச் சொன்னதை அவர் கட்டணம் செலுத்தித் தெரிந்துகொண்டார்.

8. இப்போது அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஓட்டல் வாசலில் தாம் ஏமாந்ததை ஒப்புக்கொள்வது ஒன்று. எதிரில் கிடைத்த பெண்மணியைத் திருடி என்பது மற்றொன்று. ஒப்புக்கொண்டால் சகலை மறுபடி சிரிப்பார். ஆகவே இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அசல் புஷ்பராகத்தை நான் எடுத்துக்கொண்டு, படிகத்துக்குப் பட்டை தீட்டிக் கொடுத்துவிட்டேனாம்.

9. நான் சண்டை போடவில்லை. கைக்குட்டையில் கொண்டுபோன மறு பாதி பீடத்தில்தானே இருக்கிறது, அதை எடுத்துச் சோதியுங்கள் என்றேன். அது புஷ்பராகமாக இருந்தால் நான் திருடி. அதுவும் படிகமாக இருந்து, மோதிரத்தில் உள்ள அதே பால் இழை அதிலும் ஓடினால், முழுக் கல்லும் வாங்கும்போதே படிகம். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரே வாழைக்காயை இரண்டாக நறுக்கினால் ஒரு துண்டு கத்தரிக்காயாக இருக்காது. செயலாளர் அவர்கள் அளித்த பதில்: "சாமியத் தோண்டச் சொல்றீங்களா? உங்களுக்கு தெய்வ பயம்னு ஒண்ணு கீதா இல்லியா?" சாமி கல்லைப் பாதியாக அறுக்கும்போது தெய்வ பயம் எங்கே போயிருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

10. அடுத்த ஞாயிறு பொதுக்குழு கூடியது. பொருள் நிரலில் தண்ணீர்த் தொட்டி கழுவுவது மட்டுமே இருந்தது. தொட்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. செயலாளர் அவர்கள் சோதனைச் சான்றிதழைத் தூக்கிக் காட்டினார். கல்லின் மறு பாதி பீடத்தில் இருக்கிறது என்று நான் அங்கேயும் சொன்னேன். அந்த மோதிரக் கல் எப்படி அவருடையதாயிற்று, நாம் வசூல் கொடுத்தது முழுக் கல்லுக்கா பாதிக் கல்லுக்கா என்று அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள், வங்கியில் கடன் கொடுக்கும் வேலையில் உள்ளவர்கள், கணக்கு வாத்தியார்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தலைவர் அவர்கள் விழித்திருந்தாரா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. "கல்லை மாற்றியவர்" என்று என்னைக் குறிப்பிட்டு, இனி யாரும் என்னிடம் நகையோ கல்லோ ஒப்படைக்க வேண்டாம் என்று எச்சரித்துத் தீர்மானம் கொண்டுவந்தார்கள்.

11. நான் எழுந்து, அறுக்கும்போது வனஜா இருந்தார், அவரைக் கேளுங்கள் என்றேன். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கைப்பேசியைப் பார்த்தார். அதிலிருந்து தலை தூக்காமலே, "எனக்கு ஒண்ணும் சரியா ஞாபகம் இல்லப்பா" என்றார். அவர் கணவரின் காருக்குக் கூரையுள்ள நிறுத்துமிடம் வேண்டும் என்ற விண்ணப்பம் செயலாளர் அவர்களிடம் இருக்கிறது. பிறகு தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது வனஜாவின் கையும் மேலே போனது. முழுதாகப் போகவில்லை, தோள் அளவுக்குத்தான். அதையும் எண்ணிக்கொண்டார்கள்.

12. மறுநாளே தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கல்யாணம் வருகிறது, ஊருக்குப் போகிறோம், அவசரமாக வேண்டும் என்று காரணம் சொல்லி, முடித்த கல், முடிக்காத கல் எல்லாவற்றையும் வாங்கிப் போனார்கள். கொரட்டூரிலிருந்து வரும் வாடிக்கையாளர் ஒருவர் கீழே பலகையைப் படித்துவிட்டு மாடிக்கு ஏறாமலே திரும்பிப் போனதாகக் காவலர் சொன்னார். வனஜாவும் வந்தார். அவர் அம்மாவின் தோட்டில் இருந்த சிவப்புக் கற்கள், ஓரம் உடைந்தவை, என்னிடம் இருந்தன. எடுத்துக் கொடுத்தேன். என் முன்னாலேயே ஒவ்வொன்றாக டியூப் லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி எண்ணி, பர்ஸில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக் காபியை ஆண்டுக்கணக்காகக் குடித்த பெண். அவர் போன பிறகு நான் அழுதேன். மனுவில் இது தேவையற்றது என்று அறிவேன். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

13. பக்தர்கள் பணத்தில் வாங்கிய கல்லில் பாதி செயலாளர் அவர்களின் விரலில் இருப்பது குறித்து இந்த மனுவில் நான் புகார் சொல்ல வரவில்லை. அது சங்கம் கவலைப்பட வேண்டிய விஷயம். சங்கத்துக்கு அந்தக் கவலை இல்லை. எனக்கு என் பெயர் திரும்ப வேண்டும். இழப்பீடு வேண்டாம். மன்னிப்புக் கடிதமும் வேண்டாம், அவர்கள் எழுத்தின் தரத்தைத் தீர்மானத்திலேயே பார்த்துவிட்டேன்.

14. பீடத்தைத் தொடலாமா என்று குடமுழுக்கு செய்துவைத்த குருக்களையே போய்க் கேட்டேன். முறைப்படி பாலாலயம் செய்து, பிள்ளையாரைக் கலசத்தில் எழுந்தருளச் செய்துவிட்டுப் பீடத்தைத் திறந்தால் குற்றமில்லை, மீண்டும் மருந்து சாத்தி அமர்த்திவிடலாம் என்றார். படிகமாகவே இருந்தாலும் பிள்ளையாருக்கு அதில் வருத்தம் இல்லை என்றும் சொன்னார். அந்தச் செலவு முழுவதையும் நானே ஏற்கிறேன். ஊரில் மறுபடி வசூல் வேண்டாம்.

15. எனவே, ஐயா அவர்கள் சங்கத்தின் பதிவேடுகளை வரவழைத்து விசாரித்து, பொருள் நிரலில் இல்லாமல் நிறைவேற்றிய மேற்படித் தீர்மானத்தை நீக்கவும், தங்கள் அலுவலர் ஒருவர் முன்னிலையில் பீடத்தைத் திறந்து, உள்ளே இருக்கும் பாதிக் கல்லையும் செயலாளர் அவர்களின் மோதிரக் கல்லையும் ஒன்றாக வைத்துச் சோதிக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். சோதனையின் முடிவை, தீர்மானம் ஒட்டிய அதே பலகையில், அதே அளவு எழுத்தில் ஒட்டச் செய்ய வேண்டும். இதனால் தெய்வக் குற்றம் வரும் என்று சங்கம் அஞ்சினால், குற்றம் முழுவதும் பி பிளாக், இரண்டாம் தளம், என் வீட்டுக்கே வரட்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன். நான் ஆசைப்பட்டு இதைக் கேட்கவில்லை. அன்று நடந்ததற்கு எனக்கு இருப்பவை இரண்டு சாட்சிகள். வாய் உள்ள சாட்சியை நான் கூட்டத்தில் எழுப்பிப் பார்த்துவிட்டேன். அவருக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும். பிள்ளையாருக்குக் கார் இல்லை. அவரை எழுப்பிக் கேட்க அனுமதி தாருங்கள்.

இங்ஙனம்,
(ஒப்பம்)
ம. சாமுண்டீஸ்வரி

இடம்: திருமுல்லைவாயில்
நாள்: 23.06.2025

இணைப்பு: பொதுக்குழுத் தீர்மானத்தின் நகல், அறிவிப்புப் பலகையின் புகைப்படம்.

நகல்: செயலாளர், முல்லைக்கொடி அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கம். நேரில் கொடுத்தபோது வாங்க மறுத்தார். கதவிடுக்கில் செருகப்பட்டது.