மூன்று பேனாக்களும் சுஜீவனும்

பெப்ரவரி 9, திங்கள்

மைனஸ் பதினாறு. பஸ் இருபது நிமிடம் தாமதம். பல் கிளினிக் வரவேற்பு மேசையில் நாள் முழுக்க போன்.

மதியம் தவம் அங்கிள் போன் எடுத்தார். ஊர்ச் சங்கப் பட்டிமன்றத்துக்கு அவர்தான் நடுவர். இம்முறை தலைப்பை இளையோரிடம் விட்டார்களாம்: ‘உப்புத்தீவு’ வீடியோ கேமின் முடிவு, மூன்று பாகமும் பேசிய சுயநிர்ணயத்துக்குப் பொருந்துகிறதா? செயற்குழு எப்படி ஒத்துக்கொண்டது என்று கேட்டேன்.

“சுயநிர்ணயம் எண்டு கண்டவுடனை எல்லாரும் கையை உயர்த்திப்போட்டினம், பிள்ளை. கேம் எண்டதைப் பிறகுதான் வாசிச்சவை.”

எதிரணியில் சுஜீவன். மேடையில் பேச உடனே சம்மதித்தேன். இரண்டு வருடமாகக் காத்திருந்தது இதற்குத்தான். இருநூறு பேருக்கு முன்னால் அவனைக் கிழிக்க வேண்டும்.

பெப்ரவரி 10, செவ்வாய்

எழுதத் தொடங்கியாயிற்று. கோபம் இருந்தால் எழுத்து ஓடுகிறது. குறிப்பு:

– கைதிகளின் தீவு. காவலர்கள் ஓடிவிட, கைதிகளே ஆள வேண்டும். விளையாடுகிறவர்தான் கப்டன்.

– கப்டன் கட்டளையிட முடியாது, கேட்கத்தான் முடியும். கிணறு எங்கே தோண்டுவது என்பதற்கும் கூட்டம். மூன்று பாகமும் இதே விதி.

– முடிவு: சனம் முழுக்க வெளியே இறங்குதுறையில். கப்டன் தனியறையில். மேசையில் மூன்று பேனா. பெருநிலத்தோடு சேர்வது, பிரிந்திருப்பது, தீவையே விட்டுப் போவது. ஒன்றை எடுத்துக் கையெழுத்து. யாரையும் கேட்பதில்லை.

எப்படிப் பொருந்தும்?

சுஜீவன் செய்ததையும் ஒருமுறை எழுதி வைக்கிறேன். ரூஜ் பகுதியில் அவன் வீட்டு பேஸ்மென்ட், ஒரே சோபா, ஆறு வருடம், ஒரே ஆட்டம். கொன்ட்ரோலர் என் கையில், வாய் அவனுடையது. கப்டனை அந்த மூன்று பேனா அறை வரை கொண்டுவந்து நிறுத்தினேன். யோசிக்க வேண்டும் என்றேன். ஏழு வாரம் யோசித்தேன். ஒரு வியாழன் நான் வேலையில் நிற்க, அவனே பேனாவை எடுத்துக் கையெழுத்து வைத்துவிட்டான். பெருநிலத்தோடு சேர்வதாம். அதோடு ஆட்டம் முடிந்தது, திரும்பிப் போக வழியில்லை. போட்டோ வேறு அனுப்பினான். அந்த நிமிடமே ப்ளொக்.

பெப்ரவரி 12, வியாழன்

தவம் அங்கிள் மறுபடி. நான் ‘பொருந்துகிறது’ அணியாம். ‘பொருந்தாது’ என்ற பக்கத்தை சுஜீவன் முந்திக்கொண்டு கேட்டுவிட்டானாம்.

“அங்கிள், எனக்கு அந்த முடிவு கண்ணிலை காட்டக்கூடாது.”

“பட்டிமன்றத்திலை ஆர் பிள்ளை பிடிச்சதைப் பேசுறது? மாமியார்தான் உயர்வு எண்டு நான் மூண்டு தரம் பேசினனான். வீட்டிலை அன்ரியைக் கேட்டுப்பார்.”

சுயநிர்ணயம் பற்றிப் பேச எனக்குப் பக்கம் தீர்மானிப்பது தவம் அங்கிள். கையெழுத்து வைத்தவனே அது பிழை என்று மேடையேறப் போகிறான். எழுதிய பதினொரு பக்கமும் குப்பைக்கு.

பெப்ரவரி 15, ஞாயிறு

விடிந்ததிலிருந்து பனி. வாங்க வேண்டியது: மைசூர்ப் பருப்பு, உப்பு (வாசல் பனிக்கு), அம்மாவின் மருந்து.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: “ஒரு கேமுக்காகவோ அவனோடை கதைக்காமல் விட்டனி? நான் ஏதோ காதல் பிரச்சினை எண்டெல்லோ நினைச்சன்.”

“அதைவிடப் பெரிசு அம்மா.”

வாசலில் பனி தள்ளும்போது பிடிபட்டது. முடிவு பொருந்தத்தான் செய்கிறது. எல்லாரையும் கேட்டுத்தான் செய்வோம் என்று ஆறு வருடம் சொல்வார்கள். கடைசியில் ஒருவன், மற்றவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, கையெழுத்து வைப்பான். உலகம் அப்படித்தான். சாட்சி எதிரணியில் உட்கார்ந்திருக்கிறான். கை விறைத்தும் சிரிப்பு நிற்கவில்லை.

பெப்ரவரி 21, சனி

மண்டபம் நிறைந்திருந்தது. ரோல்ஸ், பிளேன்டீ. முன்வரிசைக்கு விளையாட்டும் தெரியாது, தீவும் தெரியாது. சுயநிர்ணயம் என்ற சொல் வரும்போதெல்லாம் கைதட்டல்.

முதலில் சுஜீவன். தாளைப் பார்த்தே வாசித்தான். “ஒருத்தருக்காக இன்னொருத்தர் முடிவெடுக்கிறது பிழை. அதைச் செய்தவனுக்குத்தான் அது நல்லாத் தெரியும்.” என்னைப் பார்த்தான். நடிப்பு என்று நினைத்தேன்.

பிறகு நான். பெயர், வியாழக்கிழமை, சோபா, போட்டோ, ஒன்றும் விடவில்லை. மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. பின்னால் ஒரு அன்ரி, “உவன் தானோ அந்தப் பெடியன்?” சுஜீவன் தலையைக் குனிந்தபடியே இருந்தான். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இனித்தது.

தீர்ப்பு: முடிவு பொருந்துகிறது. நான் வென்றேன்.

கார் பார்க்கில் பின்னாலேயே வந்தான். கையில் சின்ன யூஎஸ்பி.

“இதிலை உன்ரை ஆட்டம் இருக்கு, மாலி. அந்த அறைக்குள்ளை நிப்பாட்டினாய், அதே இடம். கையெழுத்து வைக்க முதல் கொப்பி எடுத்தனான்.”

“பிறகேன் வைச்சனி?”

“பகிடிக்கு. போட்டோவுக்குப் பின்னாலை உடனே மெசேஜும் போட்டனான், கொப்பி இருக்கெண்டு. நீ ப்ளொக் பண்ணிப்போட்டாய். வீட்டை வந்தன், கதவு திறக்கேல்லை.”

வந்தது உண்மை. சமையலறை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பகிடி எண்டாலும் பிழைதான்,” என்றான். “அதுக்குத்தான் அந்தப் பக்கம் கேட்டனான்.”

யூஎஸ்பியை வாங்கினேன். அம்மாவின் காரில் ஏறினேன்.

பெப்ரவரி 22, ஞாயிறு

வெயில். கூரையிலிருந்து சொட்டுகிறது. பத்து மணிக்கு யூஎஸ்பியைப் போட்டேன். கப்டன் அதே அறையில். மூன்று பேனாவும் மேசையில். ஜன்னலுக்கு வெளியே சனம் இன்னும் நிற்கிறது.

இரண்டு வருடம் இது அவன் மேசை லாச்சியில் கிடந்திருக்கிறது. கேட்டிருந்தால் தந்திருப்பான். கேட்காதது நான். எழுதும்போதே எரிச்சல் வருகிறது.

அதற்காக மன்னிக்கவில்லை. நேற்று மண்டபம் அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்புப் போதாது.

பதினொன்றரை வரை பேனாவைத் தொடவில்லை. பிறகு ப்ளொக்கை எடுத்துவிட்டு அனுப்பினேன்: “பின்னேரம் மூண்டு மணிக்கு வா. நான் கையெழுத்து வைக்கேக்கை பக்கத்திலை இருந்து பார்க்க வேணும். கை ரெண்டும் மடியிலை. வாய் திறக்கக்கூடாது.”

“ஓம்” என்று உடனே பதில்.

ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று அனுப்பினேன். “கேட்டால் மட்டும் திற.”