மிட்டாதார் மடியில் காதுகுத்து

மாசி 9, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. காயப்போட்ட புளியெல்லாம் தூசி. கண்ணம்மாவுக்கு இருமல், துளசிக் கஷாயம்.

ஊரில் பாதி நிலம் வைத்திருக்கும் மிட்டாதாரின் ஆட்கள் வந்தார்கள். ஜில்லா போர்டு தேர்தலில் நிற்கிறார். செலவுக்கு சர்க்கார் வரம்பு வைத்திருக்கிறதாம். ஓட்டுக்காரர்களுக்கு விருந்து போட்டால் கணக்கில் ஏறும். தாய்மாமன் சீராகப் போட்டால் ஏறாது. அதனால் என் மகள் கண்ணம்மாவுக்குக் காதுகுத்து, தீர்த்தமலையில், அவர் மடியில்!

"கூடப் பொறந்தவன் இல்லாத பொண்ணுக்குப் பங்காளி ஒக்காரலாம்ங்க. மிட்டாதாரு உங்க பொறந்த வூட்டுப் பங்காளிதானுங்களே."

என் தம்பி முருகேசன் என்ன, செத்தா போய்விட்டான்?

என் வீட்டுக்காரருக்கு, மிட்டாதார் ஜெயித்தால் கிடைக்கும் சித்தேரி ரோடு காண்டிராக்ட் மேல் ஆசை. "ஒரு நாள் பொழுதுதானே. முருகேசன்கிட்ட அப்பறம் சொல்லிக்கலாம்."

பற்றிக்கொண்டு வந்தது. போய்த் தூசிப் புளியை அள்ளினேன்.

மாசி 12, வெள்ளி

தீர்த்தமலை. நல்ல வெயில். எங்கு பார்த்தாலும் வண்டிகள். கண்ணம்மா வீறிட்டு அழுது மிட்டாதார் வேட்டியை நனைத்துவிட்டாள். சந்தோஷம்.

அவள் இன்னும் அவர் மடியில்தான் இருந்தாள், அப்போது முருகேசன் வந்து நின்றான். யாரோ சொல்லித் தெரிந்ததாம். கையில் சீர்த்தட்டு: பாவாடைத் துணி, வெல்லம், வாழைப்பழம், சின்னதாக ஒரு ஜோடிக் கம்மல்.

"எனக்கொரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டான். பந்தியில் ஒருவர், "கொழந்தை யாரு வூட்டுதுங்க?" பக்கத்து இலைக்காரர், "யாரு வூட்டுதா இருந்தா என்ன, பாயசம் வாங்குங்க."

மாசி 20, சனி

மிட்டாதார் ஜெயித்துவிட்டார். வெடிச்சத்தம் தாங்கவில்லை. கண்ணம்மாவுக்கு இடது காதில் சீழ். மஞ்சள், வேப்பெண்ணெய். சொந்தத் தாய்மாமன் இருக்கும்போது அது சீர் இல்லை, ஓட்டு விருந்துதான் என்று தோற்றவர் மனுப் போட்டிருக்கிறாராம்.

பங்குனி 6, திங்கள்

தர்மபுரியில் விசாரணை. பஸ்ஸில் வழியெல்லாம் இவர் பாடம்: "தம்பி இல்லைன்னு சொல்லிடு. இல்லாட்டி ரோடும் போச்சு, மானமும் போச்சு." நான் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று மனதில் முடிவு செய்திருந்தேன்.

முருகேசனையும் சாட்சிக்குக் கொண்டுவந்திருந்தார்கள், தோற்றவர் தரப்பில். முதலில் அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

அதிகாரி: "இந்த அம்மா உன் அக்காவா?"

என்னை ஒருமுறை பார்த்தான்.

"எனக்கு அக்கா யாரும் இல்லீங்க."

அப்புறம் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மனு தள்ளுபடியாகிவிடும் என்றார்கள். வெளியே வந்ததும் இவர், "பொழச்சோம்."

திரும்பும் பஸ்ஸில் அவனும் இருந்தான். என் பக்கத்தில் இடம் இருந்தது. "ஒக்காரு முருகேசா" என்றேன். பாப்பிரெட்டிப்பட்டி வரை நின்றுகொண்டே வந்தான்.