மையவாடிக் கரையும் நீ வெட்டுவித்த மருதும்

முல்லைத்தீவு
18.01.2025

அன்பு மகன் அர்ஷாக்குக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் தங்கச்சி நஃப்லாவும் சுகம், கட்டாரில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். சுகம் விசாரிப்பது இவ்வளவுதான், மற்றதெல்லாம் கோபம். போனில் சொன்னால் சரி உம்மா, சரி உம்மா என்று பாதியில் வெட்டிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் வாசிக்காதே, சாப்பிட்டு முடித்து ஒரு இடத்தில் இருந்து முழுக்க வாசி.

உன் வாப்பாவை அடக்கியிருக்கிற மையவாடியின் ஆற்றுப்பக்கக் கரை இடிந்த படத்தை நஃப்லா உனக்கு அனுப்பியிருக்கிறாள். படத்தில் தெரியாததை நான் சொல்கிறேன். மார்கழியில் ஐந்து நாள் விடாமல் பெய்தது, வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோது கரை அப்படியே நின்றது, ஆறு வடிந்த பிறகு ஊறிப்போன மண் பாரம் தாங்காமல் ஒரு பெரிய துண்டாக வழுகிக் கீழே இறங்கிவிட்டது. யாருடையது என்று தெரியாத பழைய கபுறு ஒன்றும் அதோடு போய்விட்டது, எடுக்க முடிந்ததை எடுத்துத் திரும்ப அடக்கினார்கள். உன் வாப்பாவின் கபுறுக்கும் விளிம்புக்கும் நடுவில் இப்போது நான்கு முழம் நிலம்தான் இருக்கிறது. அடுத்த மாரி மழைக்கு அது தாங்காது என்று சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

இது யார் பார்த்த வேலை? மூன்று வருடத்துக்கு முன் லீவில் வந்து நின்றாயே, கட்டாரில் இருக்கிற நம் ஊர்ப் பொடியன்மார் எல்லாரும் சேர்ந்து பெக்கோ மெஷின் பிடித்துக் கரையில் நின்ற ஆறு மருதமரத்தையும் நொச்சியையும் நாணலையும் ஒரே நாளில் வழித்தெடுத்தீர்களே, அந்த வேலைதான். அன்றைக்கு நீ சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "உம்மா, மரம் நிண்டா வன இலாகாக்காரங்க காடு எண்டு எழுதிப்போடுவாங்க. வெளியாக்கி வெச்சாத்தான் நம்மட மையவாடி எண்டு தெரியும்." உன் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. புத்தளத்தில் அகதிகளாக இருந்து இருபத்திரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது வீடு எது, பள்ளிவாசல் எது என்று தெரியாமல் பற்றைக்குள் தேடினவர்கள் நாங்கள். கபுறுகளின் தலைமாட்டில் நட்ட மீஸான் கட்டைகளைக்கூட ஆம்பிளைகள் முள்ளை விலக்கித்தான் கண்டுபிடித்தார்கள். மரத்தைக் கண்டாலே நம் காணி பறிபோய்விடும் என்று ஒரு நடுக்கம் எல்லாருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. அதனால் நானும் ஓம் வெட்டுங்கள் என்றேன். அந்த ஆத்திரம் என்மேலும் இருக்கிறது, உன்மேல் மட்டும் என்று நினைக்காதே. ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகப் போய்விட்டதே மகன்.

சொல்ல ஆள் இல்லை என்று நீ சொல்லமுடியாது. பக்கத்துக் காணி சுடலைமுத்து அண்ணன் வந்து சொன்னார். அவர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து கலவரத்தோடு வன்னிக்கு வந்தவர், மலைச்சரிவில் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மண் இறங்கினதைக் கண்ணால் பார்த்தவர். "வேரு செத்தாலும் ரெண்டு வருசம் புடிச்சிருக்கும் தம்பி, உக்கிப்போனா மூணாவது மழைக்கு விட்டுரும்." அவர் சொன்னது இதுதான். நீ சிரித்தாய். முதல் மாரி போனது, இரண்டாம் மாரியும் போனது, எங்கே உங்கள் மண்சரிவு, இங்கே மலையும் இல்லை ஒன்றும் இல்லை என்று போனில் அவரை நக்கல் அடித்தாய். மூன்றாம் மாரியில் அவர் சொன்னபடியே நடந்தது. இடிந்த மண்ணுக்குள் அந்த மருதவேரை எடுத்துப் பார்த்தேன், கைத்தடி பருமன் இருந்தது, நசித்தால் மாவாக உதிர்ந்தது.

நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்பாய். நம் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. உன் வாப்பாவை அடக்கியபோது நான் வெளியே வரக்கூடாத இத்தாவில் வீட்டுக்குள் இருந்தேன், அவர் எந்த இடத்தில் படுத்திருக்கிறார் என்பதுகூட நீ கையால் காட்டித்தான் எனக்குத் தெரியும். கரை இடிந்த மறுநாள் நஃப்லாவைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனேன். மறைக்க ஒரு செடி இல்லை. அவருடைய மீஸான் கட்டை தண்ணீர்ப்பக்கம் சாய்ந்து நின்றது. ஏழு வருடத்துக்குப் பிறகு அவரை அந்தக் கோலத்தில் பார்த்தேன், அங்கேயே இருந்து அழுதேன். பிறகு நேரே சுடலைமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் உன்னைப்பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. அவருடைய வரம்பில் நின்ற வெட்டிவேரைக் கிளப்பித் தந்தார். செங்குத்தாக நின்ற மண்ணைச் சரிவாக வெட்டி, குறுக்கே வரிசை வரிசையாக வெட்டிவேர் வைத்து, நடுவில் பச்சைப் பூவரசங்கம்புகளை அறைந்து, அடியில் தண்ணீரோரம் மருதங்கன்று வைத்திருக்கிறோம். நானும் நஃப்லாவும் அவருடைய மனைவியும் எட்டு நாளாகச் சேற்றில் நின்றோம், அந்த மருதவேர் என் கையில் கிடைத்ததும் அங்கேதான். பள்ளிவாசல் தலைவர் வந்து, பெண்கள் இங்கே நிற்கக்கூடாது என்றார். நான் ஆற்றில்தான் நிற்கிறேன், மையவாடிக்குள் கால் வைக்கவில்லை என்றேன். அவர் அடுத்த நாள் நாலு ஆம்பிளைகளை மண்வெட்டியோடு அனுப்பினார்.

இனி நேற்று நீ போனில் சொன்னதற்கு வருகிறேன். எதற்கு உம்மா இந்தக் கஷ்டம், வாப்பாவைத் தோண்டி எடுத்து ரோட்டுப் பக்கம் நல்ல இடமாகப் பார்த்து மாற்றி வைப்போம் என்றாய். எப்படி வாய் வந்தது உனக்கு? தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த சாரத்தோடு இந்த ஊரை விட்டு எழுப்பப்பட்டவர் அவர். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலை மூன்று முறை பிரித்து மூன்று இடத்தில் கட்டினார். மையத்தானால் என் மண்ணில் மையத்தாக வேண்டும் என்றுதான் நோய் பிடித்த வருத்தக்காரனாக இங்கே திரும்பி வந்தார். அவரைத் திரும்பவும் இடம்பெயரச் சொல்கிறாய், அதுவும் பெற்ற பிள்ளை நீ. நான் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கபுறில் ஒருவரும் மண்வெட்டி வைக்கமுடியாது.

வேர் பிடிக்க இரண்டு வருடமாவது செல்லும் என்கிறார் சுடலைமுத்து அண்ணன். சித்திரை வெயிலில் காயவிட்டால் எல்லாம் வீண், தினமும் ஆற்றில் இருந்து வாளியில் அள்ளி ஊற்ற வேண்டும். எனக்கு முழங்கால் ஏலாது, நஃப்லா ஒருத்தி என்ன செய்வாள். ஆகவே ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எடுக்கிற லீவை முன்னுக்கு எடு, நோன்பு முடிந்த கையோடு வந்து சேர். சாமான் சட்டை ஒன்றும் வேண்டாம். வந்ததும் முதலில் சுடலைமுத்து அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேள், பிறகு வாளியைத் தூக்கு. உன் வாப்பா இனி எங்கேயும் வரமாட்டார், நீதான் வரவேண்டும்.

கோபத்தில் எழுதினாலும் உன்னைச் சபிக்க எனக்கு வாய் வராது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். ஐந்து நேரத் தொழுகையை விடாதே, வெயிலில் வேலை செய்தால் தண்ணீர் குடி. டிக்கெட் எடுத்த திகதியை நஃப்லாவுக்கு அனுப்பு, அதுவரை என்னோடு வேறு கதை கதைக்காதே.

துஆவுடன்,
உன் உம்மா
ஆ. மஸீனா