வானொலிக்கு மாட்டிய தொப்பி

அன்புள்ள சத்துர்நினா,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? விடியற்காலையில் நான் வானொலியில் பேசுவது உனக்குக் கேட்கிறது. நீ பதில் சொல்வதுதான் எனக்குக் கேட்பதில்லை.

இங்கே நகரத்தில் ஒரு வேடிக்கை. கவலைப்பட ஒன்றுமில்லை. நம் ஊர்ப் பேரைச் சுமக்கும் எங்கள் 'சுல்காமயோவின் குரல்' நிலையத்துக்கு முதலாளி வில்ஃபிரிடோ புதுச் சின்னம் போட்டிருக்கிறார். லிமாவிலிருந்து வந்த ஒரு மேதை வரைந்தது. அதில் சிரிக்கும் பெண்ணின் தலையில் பக்கத்து ஊர் பக்ராபம்பாக்காரிகளின் உயரமான தொப்பி! நம் பெண்களின் தட்டைத் தொப்பியும் சிவப்புக் குஞ்சமும் எங்கே? நம் பந்தாட்ட அணிக்கு எதிரணியின் சட்டையை மாட்டியது போல இருக்கிறது. என் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூடத் தொப்பியைப் பார்த்தே ஊரைச் சொல்வார்கள்.

சந்தையில் சோளம் விற்கும் நம்மூர் தியோனிசியா, "என்ன வாத்தியாரே, உங்க ரேடியோ பக்ராபம்பாவுக்கு வாக்கப்பட்டுப் போயிடுச்சா?" என்றாள்.

முதலாளியிடம் சொன்னேன். "தொப்பின்னா தொப்பிதான். மலைக்காரின்னு தெரிஞ்சா போதாதா?" என்றார்.

"அப்ப 'ஏதோ ஒரு மலையின் குரல்'னு பேரு வையுங்க. இந்தப் படத்த வச்சுக்கிட்டு சுல்காமயோ பேர நான் சொல்ல மாட்டேன்."

"வியாழக்கிழமை வரைக்கும் யோசிங்க வாத்தியாரே. இல்லேன்னா வேற ஆள் பேசுவான்."

உன் திருவிழாத் தொப்பியை இந்தக் கடிதம் கொண்டுவரும் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பு. அந்த மனிதரின் மேசையில் வைத்துக் காட்ட வேண்டும். அதைத் துடைக்காதே, உன் தலைமுடி ஒன்றிரண்டு ஒட்டியிருந்தால் இருக்கட்டும். கம்பளிக் காலுறையும் வை.

ஓட்டுநர் ஒலிப்பான் அடிக்கிறார், முடிக்கிறேன். வெள்ளிக்கிழமை விடியலில் வேறு குரல் கேட்டால் பயப்படாதே. எனக்கும் சேர்த்துக் கிழங்கு வேகவை.

உன்
எவுசேபியோ